ஓட்டக்காரனும் பாரக்காரனும்

மூதூரில் போட் எஞ்சினுக்கு உதிரிப்பாகம் விற்கிற கடைகளில் என்னுடையதுதான் சிறியது. கடலுக்குப் போனால் வாந்தி எடுக்கிற ஒரே கடைக்காரனும் நான்தான். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லாவிட்டால் துறையடியில் நிற்கிற எவனாவது சொல்லிவிடுவான்.

என் கடையில் அதிகம் வாக்குவாதம் நடப்பது புறொப்பலருக்கு. எஞ்சினின் அடியில் தண்ணீருக்குள் சுழல்கிற மூன்று இதழ்ச் சாமான். அதில் இரண்டு எண்கள் குத்தியிருக்கும். முதலாவது அதன் அகலம். இரண்டாவது, ஒரு தரம் சுற்றினால் போட்டை எவ்வளவு தூரம் முன்னுக்குத் தள்ளும் என்ற கணக்கு. இரண்டாவது எண் பெரிதென்றால் வெறும் போட் பறக்கும். பாரம் ஏற்றினாலோ எஞ்சின் மூச்சு வாங்கும், கறுப்புப் புகை கக்கும். எண் சிறிதென்றால் ஓட்டம் குறைவு. ஆனால் வலையும் மீனும் ஐசுமாக எவ்வளவு ஏற்றினாலும், பின்னால் இன்னொரு போட்டையே கட்டிவிட்டாலும், முணுமுணுக்காமல் இழுக்கும். எங்கள் துறையில் பறக்கிறதுக்கு ஓட்டக்காரன் என்று பெயர். இழுக்கிறது பாரக்காரன்.

வருகிறவர்களிடம் நான் ஒரு கேள்விதான் கேட்பேன்.

"போறதுக்கா, வாறதுக்கா?"

போகும்போது போட் வெறுமை, வரும்போது பாரம். எதற்கு வேண்டும் என்று தெரிந்தால் எடுத்துக் கொடுத்துவிடலாம். எல்லாரும் "ரெண்டுக்கும்" என்பார்கள். "ரெண்டுக்கும் எண்டா கப்பல் வாங்குங்க" என்பேன். இந்தப் பகிடியை நான் எத்தனையோ வருசமாகச் சொல்லி வருகிறேன். இப்போது நான் மட்டும்தான் சிரிக்கிறேன்.

லாபிர் மட்டும் யோசிக்காமல் பதில் சொல்லுவான். "போறதுக்குத் தா மச்சான். வாறதைப் பிறகு பாப்பம்."

லாபிர் என் சாச்சியின், அதாவது உம்மாவின் தங்கச்சியின், மகள் நஸ்ரியாவைக் கட்டியவன். கூட்டாளிக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் தனியே வலை எடுக்கப் போனான். போனவன் வரவில்லை. அடுத்த நாள் எங்கள் போட்டுகள் குடா முழுக்கத் தேடின, கடற்படையும் தேடியது. ஒரு செருப்புக்கூடக் கிடைக்கவில்லை.

அன்றே பொழுது பட்டுக்கொண்டிருக்கிற நேரம் நஸ்ரியாவின் போனுக்கு ஓர் அழைப்பு வந்தது. லாபிருடைய போன் மாதத்துக்கு ஒன்று கடலில் விழும். அதனால் போட்டின் பக்கத்தில் பெண்சாதியின் நம்பரைத்தான் பெயின்டால் எழுதி வைத்திருந்தான். ஈச்சிலம்பற்றிலிருந்து ஆனந்தராசா என்ற ஒரு கடற்றொழிலாளி. தங்கள் பக்கத்து இலங்கைத்துறைக்கு நேரே வெளிக்கடலில், பாதி தாண்ட, அதாவது மூழ்கின, நிலையில் ஒரு போட்டைக் கண்டதாகச் சொன்னார். போட்டில் ஆள் இருந்தாரா என்று நஸ்ரியா கேட்டாளாம். கடல் மோசம், இருட்டுது, விடிய மூதூருக்கு வந்து இடத்தைக் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

லாபிரின் மூத்த சகோதரர் றஊப் காக்கா தன் போட்டைத் தருவதாகச் சொன்னார். நான் கடைக்குப் போய் விளக்கைப் போட்டுவிட்டு, சுவரில் தொங்குகிற புறொப்பலர்களுக்கு முன்னால் நின்றேன்.

இங்கே ஒரு விசயத்தைச் சொல்ல வேண்டும். றஊப் காக்கா பெரிய வலைக்காரர், அவருடைய எஞ்சினில் எப்போதும் பாரக்காரன்தான் பூட்டியிருக்கும். ஆனால் ஆளைத் தேடப் போகிற போட்டுக்கு எங்கள் துறையில் ஓட்டக்காரனைத்தான் பூட்டுவார்கள். எங்கேயோ ஒரு மனிதன் பலகையைப் பிடித்துக்கொண்டு மிதக்கிறான், கெதியாகப் போய்ச் சேர வேண்டும் என்பது கணக்கு. ஓட்டக்காரனைக் கழற்றிப் பாரக்காரனைப் பூட்டினால், இனி இழுத்துக்கொண்டு வரத்தான் போகிறார்கள் என்று பொருள். யாரும் இதை வாயால் சொன்னதில்லை. ஆனால் தேடப் போகிற எஞ்சினில் பாரக்காரனைக் கண்டால், கரையில் நிற்கிற பெண்கள் முக்காட்டை எடுத்து வாயில் கவ்விக்கொள்வார்கள்.

பாதி தாண்ட போட். இரண்டு நாள் வெயில். என் கணக்குக்கு வந்த விடை பாரக்காரன்தான். ஆனால் நஸ்ரியா பார்த்துக்கொண்டு நிற்க, அதை நான் எப்படிப் பூட்டுவது? ஆகவே ஒரு புது ஓட்டக்காரனை எல்லாரும் காணும்படி கையில் எடுத்தேன். ஒரு பாரக்காரனைக் கோதுமை மாப் பைக்குள் போட்டு வாயைக் கட்டினேன். இவ்வளவு கெட்டித்தனமான வேலையை நான் அதற்கு முதல் செய்ததில்லை என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

விடியற்காலைச் சுபஹு தொழுகை முடிந்த கையோடு துறையடிக்குப் போனேன். பாதி ஊர் அங்கே நின்றது. ஆனந்தராசா அண்ணன் மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். பின்னால் ஓர் உரப்பை கட்டியிருந்தது.

"என்னண்ணன், உரமா?"

"உடுப்பு, தம்பி. நனைஞ்சா மாத்த." அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

றஊப் காக்கா என்னைக் கண்டதும் நெற்றியைச் சுருக்கினார். "நீயுமா வாறாய்?"

"வாறன்."

"அப்ப வாளி ரெண்டு ஏத்து. ஒண்டு தண்ணி இறைக்க, ஒண்டு உனக்கு."

சுற்றி நின்றவர்களில் ஓரிருவர் சிரித்தார்கள், உடனே நிறுத்திவிட்டார்கள். நான் குனிந்து புறொப்பலரின் கம்பிப் பின்னை இழுத்து, நட்டைக் கழற்றி, றஊப் காக்காவின் பழைய பாரக்காரனை மணலில் வைத்தேன். புது ஓட்டக்காரனைப் பூட்டினேன். எனக்குப் பின்னால் அத்தனை பேரும் அந்த மூன்று இதழ்களையே பார்த்துக்கொண்டு நிற்பது முதுகில் தெரிந்தது. நட்டை இறுக்கினேன். மாப் பையை முன்பலகைக்குக் கீழே தள்ளிவிடுகிற அவசரத்தில் மற்ற எதையும் நான் கவனிக்கவில்லை.

நஸ்ரியா வந்து எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் அழவில்லை. கண்கள் மட்டும் நித்திரை இல்லாமல் வீங்கியிருந்தன.

"புதுசா, காக்கா?"

"ஓம் தங்கச்சி. ஓட்டக்காரன். பறந்து போயிருவம்."

அவள் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "நல்லம்" என்றாள். கையிலிருந்த துணிப்பையை நீட்டினாள். "ரொட்டி கிடக்கு. அவரைக் கொண்டு வாங்க. போட்டையும் விட்டுப்போட்டு வராதீங்க. பிள்ளையளுக்கு வேற ஒண்டும் இல்ல."

உயிரோடு இருக்கிறவனைப் பற்றித்தான் கதைக்கிறாள் என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஓட்டக்காரன் பேருக்கேற்ற மாதிரித்தான் ஓடினான். வெளிச்சவீட்டு முனை வரைக்கும் குடா எண்ணெய் மாதிரிக் கிடந்தது. முனையைத் தாண்டியதும் கடல் தூக்கிப் போட்டது, நான் என் வாளியைத் தேடினேன். றஊப் காக்கா எஞ்சினைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஆனந்தராசா அண்ணன் முன்னுக்கு இருந்து கையால் திசை காட்டினார். ஒரு தரமாவது தடுமாறவில்லை. இரவு முழுக்க நீரோட்டத்தில் அலைந்த போட்டை இவர் எப்படி இவ்வளவு நேராகத் தேடிப் போகிறார் என்று வாந்திக்கு நடுவில் வியந்தேன். நல்ல கண் என்று நினைத்தேன்.

கரை ஒரு கறுப்புக் கோடாகத் தெரிகிற தூரத்தில் லாபிரின் போட் நின்றது. ஆம், நின்றது. விளிம்பு வரைக்கும் தண்ணீர் நிரம்பி, மூக்கை அலைக்குக் கொடுத்துக்கொண்டு, கட்டிவைத்த மாடு மாதிரி ஒரே இடத்தில் நின்றது. மூக்கிலிருந்து ஒரு நீலக் கயிறு இறுகி நீருக்குள் இறங்கியது. லாபிரிடம் நீலக் கயிறு இருக்கவில்லை. அவனுக்குக் கயிறு விற்றவனும் நான்தான்.

கிட்டப் போனோம். பின்பக்கம், எஞ்சினுக்குக் கீழே, இடுப்பில் கட்டுகிற கோடு போட்ட ஒரு சாரம் விரித்து நான்கு மூலையும் கட்டியிருந்தது. அதற்குக் கீழேயிருந்து ஒரு கை வெளியே கிடந்தது. மணிக்கட்டில் நூல் கட்டி, நூலின் நுனியில் மீன் கத்தி. எஞ்சின் தூக்கியபடி இருந்தது. அதன் புறொப்பலரில் அவனுடைய வலையே உருண்டு திரண்டு இறுகிப் போயிருந்தது. வலையை வெட்டி எடுக்கக் குனிந்திருக்கிறான். பின்னால் அலை ஏறியிருக்கிறது.

றஊப் காக்கா எஞ்சினை நிறுத்தினார். "இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்" என்று இறந்தவருக்குச் சொல்கிறதைச் சொன்னார். அதற்குப் பிறகு அந்தக் கட்டிய மூலைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தச் சாரம் ஆர்ட?"

ஆனந்தராசா அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். "என்ட."

 அவராகவே சொன்னார்.

"நேற்றுக் கண்டனான். நான் தனிய வந்தனான், கடல் அடிச்சுக்கொண்டு கிடந்தது. என்னால தூக்க ஏலேல்லை. அலைஞ்சு போயிரும் எண்டு என்ட நங்கூரக் கல்லைக் கட்டிப் போட்டிட்டு, சாரத்தால மூடிப்போட்டுப் போனனான். போட்டில இருந்த நம்பருக்கு அடிச்சனான். பொம்பிளைக் குரல். 'அவர் இருக்கிறாரா' எண்டு கேட்டா." அவர் முகத்தைத் துடைத்தார். "நான் என்னத்தைச் சொல்ல? விடிய வந்து ஆம்பிளையளிட்டச் சொல்லுவம் எண்டு நினைச்சனான். வந்து பாத்தா நீங்கள் எல்லாரும் பாக்க ஓட்டக்காரனைப் பூட்டிக்கொண்டு நிக்கிறியள்."

ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து லாபிரை எங்கள் போட்டுக்கு மாற்றினோம். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. சாரத்தால் திரும்பவும் மூடி, தலைப்பக்கம் என் சேட்டைக் கழற்றி மடித்து வைத்தேன். அது தேவையில்லாத வேலை என்று எனக்கும் தெரியும்.

"போட்டை விடு" என்றார் றஊப் காக்கா. "மையத்தோட கெதியாப் போவம்." இறந்தவரின் உடலை நாங்கள் மையம் என்போம்.

"எங்கட கரை கிட்டத்தான்" என்றார் ஆனந்தராசா அண்ணன். "அங்க இறக்கினா வான் பிடிச்சு ரோட்டால கொண்டு போகலாம்."

"அங்க இறக்கினா வேற பொலிஸ், வேற ஆஸ்பத்திரி, விசாரணை. நாளைக்கும் மையம் கைக்கு வராது. மூதூருக்கே போவம். பொழுது பட்டு மஃரிபாக முந்திப் போய்ச் சேரணும்" என்றார் றஊப் காக்கா.

"போட்டையும் விட்டுப்போட்டு வரவேணாம் எண்டு சொன்னவ" என்றேன் நான்.

றஊப் காக்கா என்னைப் பார்த்த பார்வையில், அடுத்த மையம் நான்தான் என்று நினைத்தேன். ஆனால் அவர் கயிற்றை எடுத்தார். கல்லை மேலே இழுத்து லாபிரின் போட்டுக்குள் போட்டோம். அந்தப் போட்டை எங்களுடையதன் பின்னால் கட்டினோம். எஞ்சினைக் கிளப்பினார்.

ஓட்டக்காரன் மறுத்துவிட்டான். எஞ்சின் உறுமியது, இருமியது, கறுப்புப் புகை எங்கள் முகத்தில் அடித்தது. இறைத்தாலும் அலை திரும்ப நிரப்புகிற போட் பின்னால் ஒரு வீடு மாதிரி அசையாமல் கிடந்தது. நாங்கள் முன்னேறினோமா பின்னேறினோமா என்று கரையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் சூட்டு மணம் வந்தது. றஊப் காக்கா நிறுத்தினார்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. கடலும் நானும் மட்டும் குமட்டிக்கொண்டிருந்தோம்.

"ஒரு விசயம்" என்று தொடங்கினேன். "கோவிக்க வேணாம்." முன்பலகைக்குக் கீழே கையை விட்டு மாப் பையை இழுத்து, வாயை அவிழ்த்துப் பாரக்காரனை வெளியே எடுத்தேன்.

றஊப் காக்கா அதைப் பார்த்தார். பிறகு தான் இருந்த பலகையைத் தூக்கி, வலைக் குவியலைத் தள்ளி, தன்னுடைய பழைய பாரக்காரனை எடுத்தார். காலையில் நான் மணலில் வைத்த அதே சாமான். அதில் இன்னும் மணல் ஒட்டியிருந்தது.

"இது எப்ப ஏத்தினீங்க?"

"நீ அவளோட பல்லைக் காட்டிக் கதைச்சிட்டு நிண்ட நேரம்."

இருவரும் ஒன்றாக ஆனந்தராசா அண்ணனைத் திரும்பிப் பார்த்தோம். அவர் மெதுவாகத் தன் உரப்பையை அவிழ்த்தார். உடுப்புக் கிடக்கவில்லை. ஒரு பாரக்காரனை இவ்வளவு தூரமும் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

லாபிரின் காலடியில் மூன்று பாரக்காரன்கள் வரிசையாகக் கிடந்தார்கள். எஞ்சினில் ஒரே ஒரு ஓட்டக்காரன். றஊப் காக்காவின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. சிரிக்கிறார் என்று நினைத்து நானும் சிரித்துவிட்டேன். பிறகுதான் அது சிரிப்பில்லை என்று தெரிந்தது. என்னுடையதும் சிரிப்பில்லை என்று அப்போது தெரிந்தது.

அவர்தான் முதலில் நிமிர்ந்தார். "சரி, மாத்து. ஸ்பானரைத் தா."

நான் பாக்கெட்டைத் தடவினேன். மாப் பையைக் குலுக்கினேன். காலையில் நட்டை இறுக்கிவிட்டு ஸ்பானரை மணலில் வைத்தது கண்ணுக்கு முன்னால் வந்தது.

"உங்கட போட்டில இருக்கும்தானே?"

"கடைக்காரன் வாறான் எண்டு நான் சாமான் பெட்டியைக் கரையில இறக்கினனான்!"

"அண்ணன்?"

"நான் புறொப்பலர் மட்டும்தான் தம்பி கொண்டந்தனான்."

மூன்று ஆண்கள், மூன்று பாரக்காரன்கள், ஒரு ஸ்பானர் இல்லை. இதைப் பகிடியாக்குவதற்கு அங்கே இருந்தவர்களிலேயே பொருத்தமானவன் சாரத்துக்குக் கீழே கிடந்தான்.

பசியில்லை, ஆனால் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. நஸ்ரியா தந்த பையைத் திறந்தேன். ரொட்டிப் பொட்டலத்துக்குக் கீழே பாரமாக ஏதோ இருந்தது. பழைய மாஜரின் டின் ஒன்று. மூடியை நெம்பினேன். உள்ளே லாபிருடைய ஸ்பானர், குறடு, ஒரு துண்டுத் துணியில் சுற்றிய புதுப் பின்கள்.

போட்டை விட்டு வராதீங்க என்றவள், எதைக் கொண்டு கட்டி இழுக்கப் போகிறோம் என்பதையும் யோசித்திருக்கிறாள். நான் அவளுக்கு முன்னால் ஓட்டக்காரனைப் பூட்டி நாடகம் போட்டுக்கொண்டிருந்தபோது, இந்த டின் அவள் கையில்தான் இருந்தது.

எஞ்சினைத் தூக்கினோம். நான் பின்விளிம்புக்கு மேலால் தலைகீழாகத் தொங்கினேன், றஊப் காக்கா என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பின்னைப் பல்லில் கவ்விக்கொண்டு வாந்தி எடுக்க ஏலாது. அன்றைக்கு நான் கற்ற தொழில் இரகசியம் அது ஒன்றுதான். நட்டைக் கழற்றி ஓட்டக்காரனை இழுத்த நேரம் அலை ஒன்று மூஞ்சியில் அடித்தது, கை வழுக்கியது. பளபளவென்று இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு கீழே போனது. கடைசி வரைக்கும் ஓட்டம்தான்.

"ஆர்டதைப் பூட்ட?" என்று தண்ணீருக்குள்ளிருந்து கேட்டேன்.

"எதையாவது பூட்டுடா!"

மணல் ஒட்டிய பழையதைப் பூட்டினேன். எஞ்சின் கிளம்பியது. இப்போது சத்தம் சுத்தமாக இருந்தது. கயிறு இறுகி, லாபிரின் போட் பின்னால் மெல்ல அசைந்து வரத் தொடங்கியது.

மனிதன் நடக்கிற வேகம்கூட இல்லை. பகல் முழுக்க வெயிலில் கரையை ஒட்டி ஊர்ந்து வந்தோம். நான் லாபிரின் காலடியில் இருந்து, சாரம் காற்றில் விலகும்போதெல்லாம் இழுத்துச் செருகினேன். யாருக்கும் கேட்காதபடி அவனிடம் ஒரு தரம் சொன்னேன்: "வாறதைப் பிறகு பாப்பம் எண்டாய். இப்ப பாத்துக்கொள், வாறம்." அவன் இருந்திருந்தால் இதைவிட நல்லதாக ஒன்று திருப்பிச் சொல்லியிருப்பான்.

வெளிச்சவீட்டு முனைக்குள் திரும்பியதும் போன் வேலை செய்தது. றஊப் காக்கா பள்ளிவாசலுக்கும் பொலிசுக்கும் சொன்னார். சூரியன் குடாவின் அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருக்கும்போது துறையடியில் போட்டை ஏற்றினோம். மணல் தட்டாமல் இருக்க எஞ்சினைத் தூக்கினார் றஊப் காக்கா. எஞ்சினின் அடி வெளியே வந்தது. கரையில் நின்ற பெண்களின் பக்கமிருந்து ஒரு சத்தம் எழுந்தது.

லாபிரைத் தூக்கிக்கொண்டு வாகனத்தை நோக்கிப் போனார்கள். சாச்சி நஸ்ரியாவின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வாகனத்தடியில் நின்று அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, சாச்சியின் கையை விலக்கிக்கொண்டு நஸ்ரியா எங்களிடம் வந்தாள்.

நான் டின்னை நீட்டினேன். "ஒரு பின் எடுத்தனாங்கள்" என்றேன். 

அவள் டின்னை வாங்கிக்கொண்டாள். "உசிரோட ஆளைக் கண்ட மனிசன் போனில போட்டைப் பத்தியா காக்கா கதைப்பான்? நேத்தே எனக்கு விளங்கிட்டு." அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

அவள் லாபிரின் போட்டைப் பார்த்தாள். கரையில் சரிந்து தண்ணீரை வடித்துக்கொண்டு கிடந்தது. அதன் மூக்கில் நீலக் கயிறும் கல்லும் கிடந்தன.

"இது எங்கட கல் இல்ல. ஆர்ட?"

ஆனந்தராசா அண்ணன் ஓர் அடி முன்னுக்கு வந்தார். "என்ட, தங்கச்சி."

"எப்ப போட்டீங்க?"

"நேற்று. உங்களுக்குப் போன் எடுக்க முந்தி."

அவள் குனிந்து அந்தக் கயிற்றைத் தொட்டாள். "அப்ப ராவு அவர் அலையல்லயா?"

"இல்லைத் தங்கச்சி. ஒரே இடத்திலதான் நிண்டவர். நான் மூடியும் விட்டுத்தான் வந்தனான்."

நஸ்ரியா அந்த மணலிலேயே குந்திவிட்டாள். இரண்டு நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. சாச்சி ஓடி வந்தாள்.

"ராவு முழுக்க" என்றாள், "ராவு முழுக்க நான் அவரோட போய்க்கொண்டே இருந்தன். இப்ப வெருகலைத் தாண்டியிருப்பார், இப்ப இன்னும் தூரம், இனிக் கிடைக்கமாட்டார், மீன் திண்டிரும் எண்டு. அதை மட்டுமாவது சொல்லியிருக்கலாமே அண்ணன். கட்டி வச்சிருக்கன் எண்டு."

 றஊப் காக்கா வாகனத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். நான், ஊரில் எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிற முனீப், ஒரு வாளியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பெண்கள் அவளைத் தூக்கி வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். டின்னை அவள் விடவில்லை. ஆனந்தராசா அண்ணன் குனிந்து தன் நீலக் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார். பாதி சுருட்டிவிட்டு, மனம் மாறி, கல்லோடு அதை லாபிரின் போட்டுக்குள்ளேயே வைத்துவிட்டு, மோட்டார் சைக்கிளை நோக்கி நடந்தார். அவருடைய பாரக்காரனையும் விட்டுவிட்டுப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான் அவரைக் கூப்பிடவில்லை.